சனிக்கிழமை சிநேகிதர்கள்

குடிகாரனுக்கு அறிவுரை சொல்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் லேத் வேலை பார்த்த காலத்தில் எனக்கு அறிவுரை சொன்னவர்களைப் பட்டியல் போட்டால், மாமனாரில் தொடங்கும். சார்ஜ்மேன், யூனியன்காரர், முடிவெட்டுகிறவர், ஆர்மரி கேட்டில் நிற்கும் ஆட்டோக்காரர் என்று போய், டாஸ்மாக் பாரில் சுண்டலும் தண்ணீர் பாக்கெட்டும் கொண்டுவந்து வைக்கிற பையனில் முடியும். அவன்தான் சுருக்கமாகச் சொன்னான்: "போதும்ணே, வீட்டுக்குப் போங்க."

எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள். ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியாது. என் ஈரலுக்காகச் சொன்னார்கள், என் பிள்ளைகளுக்காகச் சொன்னார்கள், கெட்டுப்போகிற என் பெயருக்காகச் சொன்னார்கள். யாராவது அப்படி எனக்காக உருகிவிட்டுப் போன சாயங்காலம், கடைக்கு நடக்கிற வேகம் கூடுமே தவிரக் குறைந்ததில்லை.

நிறுத்தத் தெரியாதவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். நிறுத்துவதில் நான் கெட்டிக்காரன். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுவேன். ஒரு மண்டலம் சொட்டு தொடமாட்டேன். என்னைப் போல எங்கள் ஷாப்பில் ஒரு கூட்டமே உண்டு. கார்த்திகையில் வியாபாரம் படுத்துவிடுகிறது என்று கடை விற்பனையாளரே அலுத்துக்கொள்வார். சமயபுரத்தில் கயிறு கட்டியிருக்கிறேன். மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை. மலை இறங்கி மாலையைக் கழற்றிய கையோடு, "ஒரு மண்டலம் இருந்து காட்டினவனுக்கு என்னய்யா வியாதி?" என்ற தெம்பில் குடிப்பேன். நிறுத்த முடிகிறதே என்பதுதான் மறுபடி குடிப்பதற்கு என்னிடம் இருந்த சான்றிதழ்.

லேத் வேலைக்குக் கை நிதானம் வேண்டும். மைக்ரோமீட்டரைத் திருகி அளவு பார்க்கும்போது கை நடுங்கினால் வேலை போச்சு. காலையில் எனக்கு நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால் நின்றுவிடும். அதனால் முதல்நாள் குவார்ட்டரில் கால்வாசியை மறுநாள் காலைக்கென்று மிச்சம் வைத்து ஒளிப்பது என் முக்கியமான அன்றாட வேலையாக இருந்தது. 2016 மே மாதம் கடை திறக்கும் நேரத்தைக் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணிக்கு மாற்றினார்கள், 500 கடைகளை மூடப்போவதாகவும் அறிவித்தார்கள். வீட்டில் அந்தச் செய்தியை என் மனைவி சத்தமாகப் படித்தாள். எனக்கு அதனால் நேர்ந்தது ஒன்றே: மிச்சம் வைக்கத் தவறிய காலைகளில் பிளாக்கில் வாங்க வேண்டியிருந்தது, விலையும் ஏறிவிட்டது. பன்னிரண்டு மணிவரை காத்திருக்க முடிந்தவனுக்கு அந்த உத்தரவு உதவியிருக்கலாம்.

ஒரு தீபாவளி கழிந்து, வயிறு வீங்கிய பயத்தில், யாரிடமும் சொல்லாமல் நானாகவே சட்டென்று நிறுத்தினேன். சாமிக்காக இல்லாமல் உயிர்ப்பயத்தில் நிறுத்தியது அதுதான் முதல்முறை. இரண்டாம் நாள் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் விழித்தபோது குளுக்கோஸ் குழாய்மேல் எறும்புச் சாரை ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டிவிடச் சொல்லி நர்ஸிடம் சண்டை போட்டேன். எறும்பு எதுவும் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

வார்டில் இருந்த ஆலோசகர் சென்னையில் பயிற்சி பெற்றவர். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அங்கே தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் படித்ததாகச் சொன்னார். அவர்தான் எனக்குப் புரியும்படி விளக்கினார். வருஷக்கணக்கில் சாராயம் மூளையை அமுக்கி வைத்திருக்கிறது. அதை ஈடுகட்ட மூளை தன் பங்குக்கு முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. திடீரென்று சாராயத்தை எடுத்துவிட்டால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, வலிப்பு, சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, கவனிக்காமல் விட்டால் சாவு. ரொம்பக் காலம் நிறையக் குடித்தவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வீராப்பாக நிறுத்தக் கூடாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. குளோர்டயசெபாக்சைடு மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக் கொடுத்தார்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். உடம்பு தேறியது.

அந்த வார்டுக்கு வாரம் ஒருநாள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பேசவே மாட்டார், பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்பார். மறுபடி அறிவுரை என்று நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஓட்டுநர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உங்களைத் திருத்த வரல. உங்களுக்காகவே வரல. நான் இன்னிக்குக் குடிக்காம இருக்கணும், அதுக்காக வந்திருக்கேன். நீங்க கேட்டாலும் சரி, தூங்கினாலும் சரி, நான் பேசிட்டுப் போயிடுவேன்."

பேசினார். டிப்போவில் வாயை ஊதச் சொல்வதற்கு முன் பச்சை வெங்காயம் தின்றது, மகள் கல்யாணத்தன்று மண்டபத்துப் பின்னால் கிடந்தது. இதெல்லாம் நான் கேட்டிருக்கக்கூடிய கதைகள்தாம். பிறகு, சாதாரணமாக, "குவார்ட்டர்ல கொஞ்சம் மிச்சம் வச்சு ஃப்ளஷ் தொட்டிக்குள்ள போட்டு வைப்பேன். மூடியை ரப்பர் பேண்ட் சுத்தி இறுக்கிடணும், இல்லாட்டி தண்ணி கலந்துடும்" என்றார். நான் திரும்பிப் படுத்தேன். ரப்பர் பேண்ட் விஷயம் உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம், வரணும்னு தோணினா வாங்க, தோணாட்டி வேண்டாம் என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஏ.ஏ. என்று சொல்லிவிட்டால் போதும். அதில் இருப்பவர்கள் பத்திரிகையிலோ மேடையிலோ முழுப்பெயரோடு தங்களைச் சொல்லிக்கொள்வதில்லை என்பது மரபு. இந்தக் கட்டுரையில் தெருப்பெயரும் ஆட்பெயரும் இல்லாததற்கு அதுதான் காரணம்.

நான் போகவில்லை. உடம்பு தேறிவிட்டதே. வார்டிலிருந்து வந்தவன் பொங்கல்வரை ஒழுங்காக இருந்து, பொங்கலன்று குடித்தேன். அப்புறம் பழைய கணக்குத்தான். சீட்டை மனைவி ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அவளே அந்த எண்ணுக்குப் பேசிப் பார்த்திருக்கிறாள். "அம்மா, அவரே பேசட்டும். அவர் பேசினாத்தான் நாங்க வர முடியும்" என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்குக் கோபம். சோறு போட்டுக்கொண்டே, "உங்களுக்கு வாச்ச சிநேகிதமும் உங்களாட்டமே இருக்கு" என்றாள். அவர்கள் என்னைத் துரத்தி வரவில்லை என்பது எனக்கு என்னமோ செய்தது. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, நிதானம் தப்புவதற்கு முன்னால், நானே கூப்பிட்டேன்.

அவர்கள் சொன்ன இடம் ஒரு மாதா கோயில் வளாகத்துப் பள்ளிக்கூடம். போர்டு கிடையாது; யாரிடம் போய் என்ன கேட்பது? குடிகாரர்கள் கூட்டம் எங்கே என்று வாட்ச்மேனிடம் கேட்க வாய் வரவில்லை. விளக்கு எரிந்த ஓர் அறைக்குள் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்துவிட்டேன். தேர்த் திருவிழாவுக்கு சீரியல் லைட் யார் போடுவது என்று ரொம்ப நேரம் பேசினார்கள். இவர்கள் குடித்த காலத்துச் சண்டை போலிருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டேன். கடைசியில் ஒருவர், "நீங்க எந்த அன்பியம்?" என்றார். அது பங்குப் பேரவைக் கூட்டம். விழித்தேன். அவர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் எதிர்க் கட்டடத்தைக் காட்டினார்.

அங்கே நாலாம் வகுப்பு. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்கள். சுவரில் வாய்ப்பாடு, ஆத்திசூடி, தமிழ்நாடு வரைபடம். மேசைமேல் தேநீர்க் கெட்டில். ஒருவர் ஏதோ வாசித்து முடித்ததும் ஒவ்வொருவராகப் பேசினார்கள். பெயர், நான் ஒரு குடிநோயாளி, அப்புறம் தன் கதை. முடித்ததும் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். அவ்வளவுதான். யாரும் குறுக்கே பேசவில்லை, கேள்வி கேட்கவில்லை, "நீங்க அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவர் அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்ததைச் சொன்னார். அதற்கும் நன்றிதான். என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில்தான் அறையின் விசித்திரங்கள் பிடிபட்டன. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவரும், வழக்கறிஞர் ஒருவரும் ஒரே பெஞ்சில். வெளியே எந்த இரண்டு தமிழர் சந்தித்தாலும் எந்த ஊரு, அங்க எந்தத் தெரு, யாரு வகையறா என்று துழாவித் துழாவி ஒரு இடத்துக்கு வந்து நிற்பார்களே, அந்த விசாரணை அங்கே நடக்கவில்லை. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதுதான் அங்கே கேட்கத் தகுந்த ஒரே ஊர். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும், போடுகிறவர் போடலாம். புதிதாக வந்தவனைப் போட வேண்டாம் என்றார்கள். தம்பி திருந்திய சந்தோஷத்தில் ஒரு காண்ட்ராக்டர் மின்விசிறியும் நாற்காலியும் வாங்கித் தருவதாக வந்தார். வெளியார் பணம் வாங்குவதில்லை என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேர்த்து வடிந்துகொண்டு அந்தச் சின்னப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு இது அதிகப்படியாகத்தான் பட்டது. இன்றும் சித்திரையில் அப்படித்தான் படுகிறது.

சாமி விஷயம் எனக்கு உறுத்தவில்லை, மாலை போட்டவன்தானே. ஆனால் ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளில் மேலான சக்தி, கடவுள் என்றெல்லாம் வருகிறது. எங்கள் குழுவில் ஒரு கறுப்புச் சட்டைக்காரர் இருந்தார். திருச்சியில் அந்தச் சட்டைக்கு என்ன கனம் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் ஒருநாள் கேட்டேன். "எனக்கு மேலான சக்தி இந்தப் பெஞ்சுதான் தோழர். நான் தனியா இருந்தப்ப முடியாதது, இதுல வந்து உக்காந்தா முடியுது. இதுக்கு எதுக்குச் சாமி?" என்றார். பிரார்த்தனை வாசிக்கும்போது எழுந்து நிற்பார், வாயசைக்க மாட்டார். ஒருவரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

ஓட்டுநர் அண்ணன்தான் எனக்கு வழிகாட்டியாக அமைந்தார். எனக்காக வரவில்லை என்று வார்டில் சொன்னாரே, அது பணிவுக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை டம்ளர் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன். அவர் கதை சொல்ல ஆரம்பித்தார்.

"அமெரிக்காவுல ஆக்ரன்னு ஒரு ஊரு தம்பி. டயர் ஊரு. குட்இயர் டயர் அங்கதான். 1935, மே மாசம். பில்லுனு ஒருத்தர், நியூயார்க் பங்குச்சந்தை ஆளு, குடியால எல்லாத்தையும் தொலைச்சவர். அப்ப நிறுத்தி அஞ்சு மாசம். வியாபார விஷயமா ஆக்ரன் வந்தாரு, அது கவுந்துபோச்சு. கையில காசு இல்ல, ஓட்டல் கூடத்துல தனியா நிக்கிறாரு. ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம் கேக்குது. இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்துல சர்ச் பேரெல்லாம் போட்ட பட்டியல். நீங்களா இருந்தா எங்க போவீங்க?"

"பாருக்கு."

"நானும்தான். அவரு போன்கிட்ட போனாரு. இப்ப ஒரு குடிகாரன்கிட்ட பேசலேன்னா நான் குடிச்சிருவேன், யாராவது ஒரு குடிகாரனைக் காட்டுங்கன்னு கேக்கறாரு. அப்படி ஆளு மாத்தி ஆளு விசாரிச்சுக் கிடைச்சவருதான் டாக்டர் பாப். அறுவை சிகிச்சை டாக்டரு, மொடாக்குடி. அறிவுரைக்கு யாரோ வர்றான்னு நெனச்சு, 15 நிமிஷத்துக்கு மேல உக்கார மாட்டேன்னு பொஞ்சாதிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு உக்காந்தவங்க எந்திரிக்கும்போது ராத்திரி பதினொண்ணு தாண்டிருச்சு. ஏன்னு நெனைக்கிறீங்க? பில்லு அவரைத் திருத்த வரல. தன்னைக் காப்பாத்திக்க வந்தாரு. டாக்டருக்கு அது புரிஞ்சுபோச்சு."

டாக்டர் பாப் அதற்குப் பிறகும் ஒருமுறை வழுக்கி விழுந்தார் என்பதையும் அண்ணன் சொல்லாமல் விடவில்லை. மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத் திரும்பியவருக்கு, சில நாளில் அறுவை சிகிச்சை ஒன்று இருந்தது. அன்று காலை கைநடுக்கம் நிற்க பில்தான் ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். அதுதான் டாக்டர் குடித்த கடைசிக் குடி. அந்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக உலகமெங்கும் வைத்திருக்கிறார்கள். மைக்ரோமீட்டர் பிடித்த எனக்கு, கத்தி பிடித்த அந்தக் கையை நினைக்க அடிவயிறு கலங்கியது. யார் வயிற்றைக் கிழிக்கப்போனாரோ. புனிதக் கதையாக்காமல் அந்தப் பீரையும் சேர்த்தே இவர்கள் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் எனக்கு மற்றதிலும் நம்பிக்கை வந்தது.

பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று தனியே ஒரு குழு கண்டார். என் மனைவி வேண்டாவெறுப்பாகத்தான் அதற்குப் போனாள். "குடிக்கிறது நீங்க, கிளாஸுக்குப் போறது நானா?" திரும்பி வந்து என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் சட்டைப் பையைத் துழாவுவதை நிறுத்திவிட்டாள். வாயை ஊதச் சொல்வதில்லை. லேட்டானால் வாசலில் நிற்பதில்லை, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள். எனக்கு முதலில் பயமாக இருந்தது, அப்புறம் எரிச்சல். ஒருநாள் கேட்டதற்கு, "உங்க குடிக்கு நான் காரணமில்ல. நான் காவல் காத்து அது நிக்கவும் போறதில்ல. எனக்குத் தூக்கம் வேணுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தனக்காகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் தேறினார்கள் என்று எழுதினால் பொய். வழக்கறிஞர் வரவை நிறுத்திவிட்டார். கோர்ட் வாசலில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். மூட்டை இறக்குகிறவர் வருவார், போவார், கண் சிவந்து திரும்ப வருவார். டீயைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். மருந்தால் தேறியவர்கள் இருக்கிறார்கள், இந்த முறையே ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பெஞ்சில் ஒரு பெண்கூட வந்து உட்கார்ந்ததில்லை. குடிக்கிற பெண்கள் ஊரில் இல்லாமல் இல்லை. நான் எதிர்க் கட்டடத்துக்கு நடந்துபோக முடிந்தது. அந்தக் கொஞ்சத் தூரத்தை ஒரு பெண் எப்படி நடப்பாள் என்று எங்கள் குழு இன்னும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டீ போடும் வேலை எனக்கு வந்தது. பிறகு அறைச் சாவி வந்தது. சாவி இருப்பவன் எல்லாருக்கும் முன்னால் போக வேண்டும். மழை, தலைவலி, அன்றைக்கு மனசு சரியில்லை என்று எதுவும் சொல்ல முடியாது. பெரிய தத்துவங்களைவிட என்னைக் கட்டிப்போட்டது அந்தச் சாவி என்றுதான் தோன்றுகிறது.

போன வருஷம் ஓட்டுநர் அண்ணன் இறந்துபோனார். மாரடைப்பு. கடைசிவரை குடிக்காமல் இருந்தார் என்பது அவர் மனைவிக்கும் மகனுக்கும் தெரியும். எப்படி இருந்தார் என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியாது. லால்குடிப் பக்கம் கிராமம். நாங்கள் இரண்டு வேனில் போனோம். இழவு வீடு எங்களைப் போன்றவர்களுக்குக் கண்டம். கொட்டகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் டம்ளர்கள் நடமாடும், மறுத்தால் செத்தவரை மதிக்கவில்லை என்பார்கள். நாங்கள் பின்பக்கம் போகாமல் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கறுப்புச் சட்டைக்காரர் பாடைக்குத் தோள் கொடுத்தார். மூட்டை இறக்குகிறவர் சத்தம் போட்டு அழுதார்.

அண்ணனின் மச்சினர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உத்தியோகஸ்தர் போல இருவர், கூலியாள் ஒருவர், கறுப்புச் சட்டை ஒருவர், ரயில்வேக்காரன் ஒருவன். எந்த விதத்திலும் அவருக்கு நாங்கள் சேரவில்லை. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது கேட்டேவிட்டார்.

"நீங்கள்லாம் மாமாவுக்கு எந்த வகையில பழக்கம்?"

சொல்லக் கூடாது. அண்ணன் அங்கே யாரிடமும் சொல்லாததை நாங்கள் சொல்வதற்கில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சனிக்கிழமை சனிக்கிழமை ஒண்ணா டீ குடிப்போங்க" என்றார் மூட்டை இறக்குகிறவர்.

"டீ குடிக்கிற பழக்கத்துக்கா ரெண்டு வேன்ல வந்திருக்கீங்க?"

"ஆமாங்க."

அவர் நம்பவில்லை. சீட்டுக் கம்பெனி, வட்டிக்கு விடும் கூட்டம் என்று ஏதாவது நினைத்திருப்பார். அன்றைக்கும் சனிக்கிழமைதான். சாவி என்னிடம் இருந்ததால், அவர்கள் தலைமுழுகிக்கொண்டிருக்கும்போதே ஈரத்துணியோடு லால்குடி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.